ஓசித் திண்ணையும் வாடகை வீடும்: நான் வலைப்பூ வைத்திருந்த இரண்டு இடங்கள்

அப்பத்தாவின் கும்மாயம் (எங்கள் ஊர் உளுந்து இனிப்பு) செய்முறையைத் தேடிப் போன சொந்தக்காரர்கள் ரம்மி விளையாட்டில் போய் விழுந்தது 2019 ஆடி மாதத்தில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ என் பழைய லிங்க்கைப் போட்டிருந்தார்கள். உளுந்து எவ்வளவு, பச்சரிசி எவ்வளவு என்று பார்க்கத் தொட்டால், ஒரு பெண் சீட்டுக்கட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு போனஸ் தருகிறேன் என்கிறாள். தேவகோட்டை அயித்தை உடனே போன் போட்டார்கள். "ஏத்தா, இது என்ன புதுத் தொழிலு?"

அது காசு கட்டி நான் வாங்கியிருந்த முகவரி. அந்தக் கதைக்கு வருகிறேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக எழுதுகிறேன், இரண்டு சேவைகளைப் பார்த்துவிட்டேன். ஒன்று இலவசம், ஒன்று வாடகை. பெயர் சொன்னால் வம்பு, வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் அனுபவம் உதவினால் சரி.

முதலில் ஓசி. 2009 பொங்கல் முடிந்து காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தொடங்கினேன். பத்து நிமிட வேலைதான். பெரியவன் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு, "ஆத்தா, இனி உங்க பாடு" என்று போய்விட்டான். தட்டச்சுக்கு இ-கலப்பை என்ற மென்பொருள், அதில் தமிழ்99. 1999-இல் அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். 'மம' என்று அடித்தால் முதல் மகரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்து 'ம்ம' ஆக்கிவிடும். கும்மாயம், அம்மன், எல்லாமே சுலபம். இந்த ஒன்றுக்காகவே தமிழ்99-க்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன்.

இலவசச் சேவையிடம் எனக்குத் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. தலைப்பைத் தமிழில் வைத்தால் பதிவின் முகவரியில் அது வராது. 'பிளாக் போஸ்ட்' என்று பொதுவாகப் போட்டு, பக்கத்தில் ஓர் எண்ணை ஒட்டிவிடும். நம் பிள்ளைக்கு ஊரான் வைத்த பெயர் மாதிரி. ஆங்கில எழுத்தில் தலைப்பு வைத்து வெளியிட்டுவிட்டு, பிறகு தமிழுக்கு மாற்றுவது அந்தக் காலப் பதிவர்களின் தந்திரம். இப்போது முகவரியை நாமே அடிக்க ஒரு கட்டம் வந்துவிட்டது, ஆனால் அதிலும் ஆங்கிலம்தான்.

இன்னொரு தொல்லை, வேர்டில் எழுதி இங்கே ஒட்டுவது. ஒரு பத்தி பெரிதாகவும் அடுத்தது எறும்பு அளவிலும் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அலங்காரமெல்லாம் கூடவே வந்துவிடுகிறது. நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்தால் சரியாகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று, யாரும் சொல்லவில்லை. போனில் எடுத்த ஆத்தங்குடித் தரைக் கல் படம் குப்புறப் படுத்துக்கொள்வதற்கு மட்டும் இன்றுவரை மருந்து தெரியவில்லை.

2016-இல் வாடகை வீட்டுக்குப் போனேன். சொந்த டொமைன், அதாவது என் பெயரில் ஒரு இணைய முகவரி. பதிவுகளை வைக்க ஹோஸ்டிங் என்று வாடகை இடம். பார்க்க அழகாக இருந்தது, மறுக்க மாட்டேன். அங்கே தமிழ்த் தலைப்பு முகவரியில் அப்படியே வரும். ஆனால் நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளாகச் சிதறிவிடும். கணினிக்கு 'கும்மாயம்' ஒன்பது குறிகள். ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரிந்து, ஒரு சொல்லுக்கு 81 எழுத்து. கொஞ்சம் நீளமான தலைப்பு என்றால் பாதியிலேயே வெட்டுப்படும். அயித்தை இதைப் பார்த்து "வைரஸா?" என்றார்கள்.

முதல் வருடக் கட்டணம் கும்மாயத்துக்கு நெய் வாங்கும் காசு. மறு வருடம் நாலு மடங்கு. அதையும் கட்டினேன். 2019-இல் புதுப்பிக்கச் சொன்ன மின்னஞ்சல்கள் நான் திறந்தே பார்க்காத பழைய பெட்டிக்குப் போயிருந்தன. பாதித் தப்பு என்னுடையது. மீதி, ஒரு போன்கூடச் செய்யாத அவர்களுடையது. டாட் காம் பெயர் காலாவதியானால் உடனே போய்விடாது. முதலில் கொஞ்ச நாள் தவணை கொடுப்பார்கள். அது தாண்டினால் அபராதம் கட்டி மீட்க 30 நாள், அப்புறம் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். என்னுடையதை ரம்மிக்காரன் வாங்கினான்.

மூன்று வருட எழுத்து போயிற்று என்று உட்கார்ந்திருந்தேன். வேபேக் மெஷின் என்று ஒன்று இருப்பதைச் சின்னவன் சொன்னான். உலகத்து வலைப்பக்கங்களை நகலெடுத்து வைக்கும் இணையக் காப்பகம் அது. அதில் என் எழுத்து முக்கால்வாசி இருந்தது, படங்கள் பாதிக்கும் குறைவு. ஒவ்வொன்றாக எடுத்து ஒட்ட ஒரு சித்திரை, வைகாசி ஆயிற்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தாராம். அந்தச் சேகரிப்புதான் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நமக்கு அந்தப் பொறுமை இல்லை. இப்போது மாதம் ஒருமுறை மொத்தத்தையும் பென்டிரைவில் இறக்கி, அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், நான் கைவிட்டுப் போன ஓசித் திண்ணை அப்படியே இருந்தது. கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் நிலைவாசலை 2012-இல் படம் எடுத்துப் போட்டிருந்தேன். மேலே கஜலட்சுமி, ஒரு யானைக்குத் துதிக்கை இல்லை. ஆறு வருடம் கழித்து மலேசியாவிலிருந்து ஒருவர் எழுதினார், அது அவருடைய ஐயா வீடாம். வீட்டை அதற்குள் இடித்துவிட்டார்கள். அந்த நிலைவாசல் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஏதாவது பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும். துதிக்கையை உடைத்தது தான்தான், பம்பரம் விட்டபோது, என்று எழுதியிருந்தார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

வருகைக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு ராத்திரியில் ஆயிரத்துச் சொச்சம் பேர், தமிழே தெரியாத ஏதோ தேசத்திலிருந்து. எல்லாம் தானியங்கி எந்திரம். உண்மையில் படிக்கிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள்.

என் மதிப்பெண்: ஓசிக்குப் பத்துக்கு ஏழு, வாடகைக்கு நாலு. கடை, வியாபாரம் என்று இருப்பவர்கள் வாடகைக்கே போங்கள், தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

டிராஃப்டில் இப்போது 37 பதிவுகள் கிடக்கின்றன. கந்தரப்பத்துக்கு எழுதி முடித்தாயிற்று, படம்தான் வேண்டும். எங்கள் வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) வெயில் இறங்கப் பத்தரை ஆகும். அதற்குள் பேரன் தட்டைக் காலி செய்யாமல் இருக்க வேண்டும்.