ஆசிரியர் குறைதீர்ப்பு விதித் திருத்தம்: கூட்டமா, எழுத்துக் கருத்தா?

தர்மபுரியில் எங்கள் பேராசிரியர்களிடையே இப்போது இதுதான் பேச்சு: ஆசிரியர்களின் குறைகளைத் தீர்க்கும் விதிகளைத் திருத்த எல்லோரையும் கூட்டிப் பேசுவதா, எழுத்தில் கருத்து வாங்குவதா?

நேரம்: கூட்டம் ஒரே மாலையில் முடியும், ஆனால் அரூர், ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்துவிடுவார்கள். எழுத்துக்கு இரண்டு வாரமாவது வேண்டும்.

துணிவு: எனக்கு இதுதான் முக்கியம். துறைத்தலைவர் எதிரில் இருக்கும்போது கௌரவ விரிவுரையாளர் வாய் திறப்பாரா? அவருடைய அடுத்த ஆண்டுப் பணியே துறைத்தலைவரின் பரிந்துரையில் இருக்கிறதே. பெயரில்லாத தாளில் மனதில் உள்ளது வரும்.

தெளிவு: கூட்டத்தில் சந்தேகத்தை அங்கேயே கேட்டுவிடலாம்.

அதனால் என் யோசனை, இரண்டும் வேண்டும்: விதியில் குறைகள் எங்கே என்று அறிய முதலில் எழுத்து. அப்புறம் மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளில் பதில் என்று வாசகத்தை முடிவு செய்யக் கூட்டம். பாலியல் தொல்லைப் புகார்களை மட்டும் இதில் கலக்காதீர்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி அவை உள்ளகப் புகார்க் குழுவுக்கு உரியவை.