ஓநாயின் முதுகா, ஆட்டுத்தோலா?

பாட்டியைப் பார்க்கப் போகும் வழியில் ஓநாயிடம் ஏமாறும் சிவப்புத் தொப்பிச் சிறுமியை (Little Red Riding Hood) பலர் வரைந்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே 1862-இல் வரைந்ததையும் ஆங்கில ஓவியர் வால்டர் கிரேன் 1875-இல் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கதையே வேறாகிவிடுகிறது.

டோரேவுடையது கறுப்பு வெள்ளை மரச்செதுக்கு, அதாவது மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். ஆக, சிவப்புத் தொப்பியில் சிவப்பே இல்லை! காட்டுக் காட்சியில் ஓநாய் நமக்கு முதுகைக் காட்டி, சிறுமியை உரசிக்கொண்டு நிற்கிறது. அதன் முகம் நமக்குச் சரியாகத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவள் ஓடவில்லை, அதன் கண்ணையே பார்க்கிறாள். படுக்கைக் காட்சி இன்னும் மோசம். பாட்டியின் தொப்பியோடு, பாட்டி வேஷத்தில் ஓநாய் பக்கத்தில் கிடக்க, அவள் போர்வையை இழுத்துப் பிடித்தபடி ஓரக்கண்ணால் பார்க்கிறாள். புரிந்துவிட்டது, ஆனால் தாமதமாக. டோரே வரைந்தது பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோவின் 1697-ஆம் ஆண்டுக் கதைக்கு. அதில் அவளைக் காப்பாற்ற யாரும் வருவதில்லை.

கிரேனின் ஓநாய் ஆட்டுத்தோல் போர்த்தி, தடி ஊன்றி, இரண்டு காலில் நிற்கும் ஆசாமி. தடித்த கோடு, தட்டையான வண்ணம், பின்னால் மரவெட்டிகள். உதவி பக்கத்திலேயே இருக்கிறது. வேஷம் குழந்தைக்குப் பார்த்தவுடன் பிடிபடும், கதாநாயகிக்கு மட்டும்தான் பிடிபடாது. அதனால் சிரிப்பு வரும், பயம் குறையும். சிறுமி அழகாக இருக்கிறாள், அவ்வளவுதான்.

தூங்கப்போகும் நாலு வயதுக்கு கிரேன் போதும். எட்டு வயதுக்கு மேல் என்றால் நான் டோரேவைத்தான் எடுப்பேன். அந்த ஓரக்கண் பார்வைக்காகவே.