கைராசிக்கார டாக்டர் என்று நானும்தான் சொன்னேன்

சாதாரணச் சளிக்காய்ச்சலுக்காக ஒரு கிளினிக்குக்குப் போனேன். சளி ஒரு வாரத்தில் போய்விட்டது. அங்கே வாங்கி வந்த தொல்லைகள் தீர மேலும் மூன்று வாரம் ஆனது. கிளினிக்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை; இந்தப் பழக்கம் ஓர் இடத்தோடு நிற்பதும் இல்லை.

முதல் நாள் தொண்டைக் கரகரப்பு, மறுநாள் மூக்கொழுகல், மூன்றாம் நாள் 101 டிகிரி காய்ச்சல். மூக்கைச் சிந்தினால் பச்சையாக வந்தது. அதைப் பார்த்துத்தான் பயந்து ஓடினேன். மருத்துவரும் அதையே பிடித்துக்கொண்டார். "சளி பச்சையாகிவிட்டது, ஆன்டிபயாட்டிக் இல்லாமல் கேட்காது" என்றார். ஸ்டெதஸ்கோப் அவர் கழுத்தில்தான் கிடந்தது. என் மார்புப் பக்கம் வரவே இல்லை. காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, வேறு நோய் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஆறு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஊசி ஏறிவிட்டது.

வெளியே வரும்போது கையில் ஒரு மூக்குச் சொட்டு மருந்தும் ஒரு காகித உறையும். உறைக்குள் மூன்று விதமான மாத்திரைகள். பெயர் அச்சிட்ட பக்கம் தெரியாதபடி அட்டையை நறுக்கியிருந்தார்கள். மருந்துச் சீட்டு கேட்டேன். "மருந்தையே கொடுத்துவிட்டோம், சீட்டு எதற்கு?" என்றார் கொடுத்தவர். அப்போது அது எனக்கு நியாயமாகவே பட்டது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அன்று மாலையே காய்ச்சல் விட்டது. உடம்புவலி போன இடம் தெரியவில்லை; பசி வேறு கிள்ளியது. மூன்று பேரைக் கூப்பிட்டு, கைராசிக்கார டாக்டர் என்று சொன்னேன்.

அந்த இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாள் நாக்கு வறண்டது, அரைமணிக்கு ஒருமுறை சிறுநீர். மீட்டரில் சர்க்கரை 312. மூன்றாம் நாள் வயிறு போகத் தொடங்கியது. மருந்தாளுநராக இருக்கும் என் தங்கையிடம் உறையைக் கொண்டுபோனேன். நறுக்கிய துண்டுகளை மேசையில் பரப்பி, ஓரத்தில் தப்பியிருந்த எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தவள், "அண்ணா, ஊகத்தில் சொல்லக் கூடாது. போய் எழுதி வாங்கி வா" என்றாள். போனேன். அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிக் கொடுத்தார்கள்.

ஊசி டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. நான் மெச்சிய கைராசி அதுதான். அது காய்ச்சலையும் வலியையும் அமுக்கிவைக்கும்; பசியைத் தூண்டும், தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். மருந்தின் மேல் பழி இல்லை. 2020இல் ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகள் பலரின் உயிரைக் காத்தது அதே டெக்சாமெத்தசோன்தான். அதைக் கண்டறிந்த ஆய்வேதான், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்றும் காட்டியது. மூக்கொழுகலோடு நடந்து வந்தவனுக்கு அது எதற்கு?

முதல் மாத்திரை அமாக்சிசிலின், கிளாவுலனேட் சேர்ந்த ஆன்டிபயாட்டிக். வயிறு போனது அதன் உபயம். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. சளி பிடிக்கச் செய்யும் வைரஸ்கள் 200க்கு மேல், ரைனோவைரஸில் மட்டுமே 160க்கு மேற்பட்ட வகைகள். பச்சை நிறமோ, தொற்றை எதிர்க்க வந்த நம்முடைய வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். அதை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று சொல்ல முடியாது. பென்சிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங், 1945இல் நோபல் உரையிலேயே மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றி எச்சரித்துவிட்டுப் போனார். கேட்டவர்கள் குறைவு.

என்னை நிஜமாக நடுங்க வைத்தது அடுத்த இரண்டு மாத்திரைகள். ஒன்று 650 மில்லிகிராம் பாராசிட்டமால். மற்றது சளிக்கான கூட்டு மாத்திரை. அதற்குள்ளும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால். இரண்டையும் மூன்று வேளை விழுங்கினேன். அது தெரியாமல், தலைவலிக்கு என்று வீட்டிலிருந்த 500 மில்லிகிராம் மாத்திரையையும் மூன்று வேளை போட்டேன். கூட்டினால் ஒரு நாளைக்கு 4950 மில்லிகிராம். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 4000. அதைத் தாண்டினால் அடி விழுவது கல்லீரலில். உறையின் மேல் மருந்தின் பெயர் ஒன்று இருந்திருந்தால் போதும், மூன்றாவதைத் தொட்டிருக்க மாட்டேன். இரத்தப் பரிசோதனையில் கல்லீரலுக்குச் சேதம் இல்லை என்று வந்தது. முடிவு கைக்கு வரும்வரை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சொட்டு மருந்து ஆக்சிமெட்டாசோலின். இரண்டு நிமிடத்தில் மூக்கு திறந்தது, சொர்க்கம்தான். எத்தனை நாள் என்று யாரும் சொல்லாததால் பதினோரு நாள் விட்டேன். மூன்று நாளைத் தாண்டித் தொடர்ந்தால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். புட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இருட்டில் துழாவி எடுத்து விட்டுக்கொள்கிற நிலைக்கு வந்தேன். ஒரு துளைக்கு மட்டும் நிறுத்தி, பிறகு மறு துளைக்கும் நிறுத்தி, உப்புநீர்ச் சொட்டோடு ஒப்பேற்றி மீள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கேட்க வேண்டியதைக் கேட்காததுதான் இதில் பெரிய ஏமாற்று. வந்தது இன்ஃபுளுவென்சாவாக இருந்தால் அதற்கு ஒசெல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். சர்க்கரை நோயாளிக்கு அது முக்கியம். காய்ச்சல் ஆரம்பித்த நாள் எது என்று கேட்டிருந்தால் அந்த யோசனையாவது வந்திருக்கும். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, விட்ட காய்ச்சல் திரும்பினால் உடனே வர வேண்டுமா என்ற பேச்சே இல்லை. சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகத் தணியும், இருமல் மூன்று வாரம்கூட இழுக்கும் என்று சொல்லியிருந்தாலே பாதி மாத்திரைக்கு வேலை இருந்திருக்காது.

நான் கூப்பிட்டுப் புகழ்ந்த மூன்று பேரில் இரண்டு பேரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்றாமவர் முந்திக்கொண்டு, நான்கு வயது மகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறார். "ஒரே ஊசி, உங்கள் டாக்டர் பிரமாதம்" என்றார். உறையைப் பிரிக்காமல் அப்படியே தங்கையிடம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.