அடைக்கோழியா, இன்குபேட்டரா?

எங்கள் தோட்டத்தில் 12 பெட்டைகள், எல்லாம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி ரகம். போன வருடம் வரை குஞ்சு பொரிக்க அடைக்கோழியை மட்டுமே நம்பியிருந்தோம். இப்போது 70 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் வந்துவிட்டது. என் ஓட்டு அதற்குத்தான்.

கரன்ட், இன்வெர்ட்டர், 37.5 டிகிரி, 18-ம் நாள் வரை முட்டையைப் புரட்டுவது என்று மெஷினுக்கு ஆயிரம் சீராட்டு. கோழிக்கு எதுவும் வேண்டாம். பொரிக்க இரண்டிலும் 21 நாள்தான்.

கணக்கு மாறுவது கோழியின் உடம்பில். அடையில் உட்கார்ந்ததும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறிவிடும். சினைப்பை சுருங்கும், முட்டை நிற்கும், பசியும் படுத்துவிடும். கூடைக்குப் பக்கத்திலேயே கம்புத் தானியம் வைத்தாலும் சீண்டாது. நாளைக்கு ஒரு தடவை இறங்கி, நாலு கொத்து கொத்தி, மூக்கைப் பிடிக்கவைக்கும் எச்சத்தை ஒரே குவியலாகப் போட்டுவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். சாம்பல் பெட்டையைத் தராசில் வைத்தேன். உட்காரும்போது 1,550 கிராம். குஞ்சோடு இறங்கியபோது 1,280. இரைப்பை (கழுத்தடியில் தீனி சேரும் பை) காலி, மாரெலும்பு கத்தி மாதிரி.

அதே புரோலாக்டின் புறாவிடம் வேறு வேலை செய்கிறது. 1930-களில் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் குழுவினர் புறாக்களுக்கு அதை ஊசி போட்டுப் பார்த்தார்கள். அதே கழுத்தடி இரைப்பையின் சுவர் தடித்து, குஞ்சுக்கு ஊட்டும் பால் சுரந்தது. தீனி கூடியது, எடை ஏறியது, ஈரலும் குடலும்கூடப் பெருத்தன. புறாக்காரரிடம் இன்குபேட்டர் விற்க முடியாது, பாலை யார் கொடுப்பது?

கோழியின் இளைப்புக்கு விலை உண்டு. குஞ்சு மேய்த்து, உடம்பு தேறி, சாம்பல் பெட்டை மறுபடி முட்டைக்கு வர மூன்று மாதம். முட்டையை மெஷினில் வைத்துவிட்டு, கோழியைக் கம்பிவலைக் கூண்டில் நாலு நாள் போட்டால் அடிவயிற்றில் காற்றுப்பட்டு அடை தெளிந்துவிடும். மூன்றே வாரத்தில் முட்டை. எனக்கு மெஷின் சம்பாதித்துக் கொடுப்பது இந்த இடைவெளியைத்தான்.

மழைக்காலத்தில் மெஷினில் ஒரே ஒரு ஈடுதான் (ஒரு தடவை அடுக்கும் முட்டைகள்) வைத்திருக்கிறேன். கரு பிடிக்காத கூமுட்டை போக, ஓட்டுக்குள்ளேயே செத்தவை ஆறு. ஈரப்பதம் இன்னும் கைக்குப் பிடிபடவில்லை, அதனால் ஐப்பசிக்கு என் பேச்சை நம்பி இறங்காதீர்கள். நாலைந்து கோழிதான் என்றால் மெஷினே வேண்டாம்.

குஞ்சு வளர்ப்பதில் மட்டும், சூட்டுக்குப் போடும் பல்பு கோழியிடம் தோற்றுவிட்டது. அதனால் ஒரு பெட்டையைத் தெளியவைக்காமல் விட்டுவைக்கிறேன். மெஷின் குஞ்சுகளில் பத்தை, பொரித்த அன்று இருட்டியதும் அதன் இறக்கைக்குள் நுழைத்துவிட்டால், விடிந்ததும் தன் பிள்ளை மாதிரி கூப்பிட்டு மேய்க்கிறது.