புதுச்சேரி பழம்பொருள் கடை: ஊஞ்சலுக்கு நாலு ஸ்டார், பன்றித் தலைக்கு ஒன்றுமில்லை

கடையின் பெயரைப் போடவில்லை, ஏன் என்று கீழே படித்தால் தெரியும். புதுச்சேரியில் பழைய கதவு, தூண், ஊஞ்சல் விற்கிற கடைகள் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனது ஊஞ்சல் பலகைக்கு. கடலூரில் வீடு கட்டி முடித்ததும் அம்மா கேட்ட ஒரே பொருள் அதுதான். நல்ல பர்மா தேக்கு, ஆறடி, ஒரே பலகை, ஒட்டு இல்லை. 18,000 சொன்னார், 14,500-க்கு முடிந்தது. எனாமல் தூக்குவாளி ஒன்றும் எடுத்தேன், அடியில் லேசாகப் பெயர்ந்திருந்ததைக் காட்டியதும் அவராகவே நூறு ரூபாய் குறைத்தார். மரத்தைப் பற்றி எது கேட்டாலும் நேர்மையாகத்தான் பதில் சொல்கிறார், எது புதுசாக அடித்துச் சேர்த்த சட்டம் என்பதைக்கூட மறைக்கவில்லை.

அதே மனிதர் மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு துணியை விலக்கினார் பாருங்கள், அங்கேதான் கதை மாறியது. கேடய வடிவப் பலகையில் ஒரு காட்டுப்பன்றித் தலை. கண்ணாடிக் கண், அதில் ஒன்று ஆடுகிறது, காதோரம் பூச்சி அரித்திருக்கிறது, ரசகற்பூர வாசனை தூக்குகிறது. "முந்நூறு கிலோ சார், வெள்ளைக்காரன் சுட்டது, பல்லைப் பாருங்க, சிவன் கழுத்துலயே கிடக்குது இது" என்றார். விலை 45,000.

எனக்குச் சொந்த ஊர் வேப்பூர் பக்கம். மக்காச்சோளம் போடுகிற குடும்பம், அதனால் பன்றி எங்களுக்குப் புதுசில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு கூட்டம் உள்ளே புகுந்தால் தின்பதைவிடச் சாய்ப்பதுதான் அதிகம், காலையில் கொல்லையைப் பார்த்தால் ரோடு ரோலர் ஓட்டிய மாதிரி இருக்கும். கூட்டத்தில் வருவது பெட்டையும் குட்டிகளும்தான். பெரிய கடுவன் தனியாகத் திரியும், அதைத்தான் ஒத்தைப் பன்னி என்பார்கள், டார்ச் அடித்தாலும் சீக்கிரம் நகராது. ஆனாலும் நான் பார்த்ததில் நூறு கிலோவைத் தாண்டியது என்று தைரியமாகச் சொல்ல ஒன்றுகூட இல்லை. நம் நாட்டுப் பன்றி தோள் வரை மூன்றடி நிற்கும், நன்றாகக் கொழுத்த கடுவன் 230 கிலோ வரை போகும் என்று பழைய விலங்கியல் புத்தகங்களில் இருக்கிறது. முந்நூறைத் தொடுவதெல்லாம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், குளிர் கூடுகிற பக்கம்.

எடை விஷயத்தில் வேட்டைக்காரர் பேச்சை எந்த ஊரிலும் நம்ப முடியாது. 2004-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சுட்ட ஒரு பன்றியைப் பன்னிரண்டடி, 450 கிலோ என்று அளந்துவிட்டார்கள், பிறகு தோண்டி எடுத்துப் பார்த்தால் எட்டடி, 360 கிலோ அளவுக்குத்தான் இருந்திருக்கிறது, அதுவும் வீட்டுப்பன்றி கலந்தது. 2007-இல் அலபாமாவில் 11 வயதுப் பையன் சுட்ட ராட்சசப் பன்றி இதைவிட மோசம், அது பண்ணையில் வளர்ந்தது, வளர்த்தவர்கள் வைத்த பெயர் ஃபிரெட்.

சரி, பலகைக்காகக் கொண்டுபோன டேப் கையிலேயே இருந்தது. கீழ்க் கோரைப்பல்லை வளைவோடு பிடித்து அளந்தேன், வெளியே தெரிவதே 17 சென்டிமீட்டர். பன்றியின் கீழ்க் கோரைப்பல்லில் மூன்றில் இரண்டு பங்கு தாடைக்குள்தான் புதைந்திருக்கும். அப்படியானால் இது மொத்தம் அரை மீட்டர் நீளப் பல்! ஐரோப்பாவில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வேட்டைக்காரர்கள் கொண்டாடுவார்கள். அங்கே பதக்கத்துக்குப் புள்ளி போடும்போது நீளத்தை சென்டிமீட்டரில் அப்படியே எடுத்துக்கொள்வார்கள், அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து மூன்றால் பெருக்குவார்கள், மேல் பற்களின் சுற்றளவு தனி, எல்லாம் சேர்த்து 110 வந்தால் வெண்கலம், 115 வெள்ளி, 120 தங்கம். அதாவது நீளத்தைவிடத் தடிமனுக்குத்தான் மதிப்பு, உடம்பின் எடைக்கு அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. இந்தப் பல்லோ நீளமாக, வெண்டைக்காய் மாதிரி ஒல்லியாக இருந்தது.

அப்புறம் இன்னொன்று. உயிரோடு இருக்கும்போது கீழ்ப்பல் மேல்பல்லில் உராய்ந்து உராய்ந்து கத்தி மாதிரித் தீட்டப்பட்டிருக்கும், அந்தத் தேய்ந்த முகம் பளபளவென்று தனியாகத் தெரியும். இதில் அது இல்லவே இல்லை, பக்கவாட்டில் அச்சில் வார்த்த கோடு மட்டும் ஓடுகிறது. பிளாஸ்டிக். ஆனால் முடி அசல்தான், பன்றி மயிர் நுனியில் இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பிரிந்திருந்தது.

முழுப் போலி என்றால்கூடச் சிரித்துவிட்டு வந்திருப்பேன். தலை அசல் என்பதுதான் சிக்கல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் வருகிறது, பாடம் செய்த தலையை நினைத்தபடி வாங்கவோ விற்கவோ முடியாது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வந்து பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம் என்று அறிவித்ததே, அதிலும் சுடுவது வனத்துறைதான், கொல்லைக்காரன் இல்லை. வருஷா வருஷம் சோளத்தைப் பறிகொடுக்கிற எங்களுக்கே கை வைக்க அனுமதி இல்லாததை, சுவரில் மாட்ட ஆசைப்பட்டு யாராவது வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். பேப்பர் இருக்கிறதா என்று கேட்டேன், துணியை மறுபடி மூடிவிட்டு டீ சொல்லட்டுமா என்றார்.

பலகை சொன்னதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது, டெம்போ வாடகை 1,200 தனி, சங்கிலி மூன்றுக்குத்தான் கொக்கி இருந்தது. நாலாவது கொக்கி இன்னும் வரவில்லை. இன்று காலையும் போன் போட்டேன், டெம்போக்காரரிடம் கொடுத்தாச்சு என்கிறார், டெம்போக்காரர் எடுக்கவே மாட்டேன் என்கிறார்.