கோத்தகிரிக் குளிரில் ஓவர்கிளாக்கிங்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ஓவர்கிளாக் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி ஓட்டுவது) செய்ய நினைப்பவர்கள் ரேமில் நேரம் செலவழியுங்கள், பிராசசரை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். மலையில் இருந்தாலும் இதே பதில்தான்.

என்னிடம் இருப்பது 2020இல் சேர்த்த கம்ப்யூட்டர். அப்போது அதில் போட்டது ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 3600 வேகத்துக்கான 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் அதற்குச் சோறு போடும் வேலை, ராத்திரியில் கொஞ்சம் கேம். பாகங்களை வாங்கிய கோவைக் கடைக்காரர், கோத்தகிரி என்றதும், "மேல உங்களுக்கு ஏசியே வேண்டாங்க, நல்லா ஏத்தி ஓட்டலாம்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. கோவையில் அறை 32 டிகிரி இருக்கும் நாளில் இங்கே 18, 20 தான் இருக்கும். ஆனால் கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) வழியாகப் போகும் காற்றின் எடை குறைகிறது, அது அள்ளிப் போகும் சூடும் குறைகிறது. என் கணக்கில் முழு லோடில் மூன்று நான்கு டிகிரி இப்படியே போய்விடும். மிச்சமிருக்கும் பத்து டிகிரி நல்ல லாபம்தான். அதை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

பிராசசர் வேகம் ஒரு சாதாரணப் பெருக்கல். அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதை 36ஆல் பெருக்கினால் 3.6 கிகாஹெர்ட்ஸ். பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில், அந்த 36ஐக் கூட்டுவதுதான் ஓவர்கிளாக். இன்டெல்லில் இதற்கு கே என்று முடியும் பிராசசரும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ரைசனில் பி450 போதும், ஏ320 போர்டில் நடக்காது.

ரைசன் 3600 தானாகவே ஒற்றைக் கோரில் (சிப்புக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஆறு கோரும் முழுதாக உழைக்கும்போது என்னுடையது நான்கை ஒட்டி நின்றது. அதனால் 42 என்று போட்டு, வோல்டேஜை 1.3இல் நிறுத்தி, கூடவே வந்த குட்டிக் கூலரைக் கழற்றிவிட்டு ஒரு டவர் கூலரும் மாட்டினேன். பிராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளில் மதிப்பெண் ஐந்தாறு சதவீதம் ஏறியது. ஐம்பது நிமிடம் ஓடும் வீடியோ எக்ஸ்போர்ட்டில் மிச்சமானது மூன்று நிமிடம்கூட இல்லை.

இதற்கு மேல் ஏற்றுவது வீண். சூடு வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகக் கூடும். 4.1இல் 1.25 வோல்ட் கேட்கும் சிப் 4.3க்கு 1.35 கேட்கிறது என்று வையுங்கள். வேகத்தில் 5 சதவீதம் கூட, சூட்டிலோ 22 சதவீதம் கூட. வெளியே பனி பெய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே 1.4க்கு மேல் வோல்டேஜ் காட்டும். லேசான வேலையில் தானாக ஏறி இறங்கும் வோல்டேஜ் அது, பயம் வேண்டாம். அதே 1.4ஐ நாமே நிரந்தரமாகப் போட்டு எல்லாக் கோரையும் முழு லோடில் ஓட்டுவதுதான் ஆபத்து.

ஒரு குளிர்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஏப்ரலில் பழையபடி ஆட்டோவில் விட்டேன். அந்தப் பத்து டிகிரி இப்போது விசிறிச் சத்தம் குறைவதில் கிடைக்கிறது. இரவில் ஆடியோ மிக்ஸ் செய்பவனுக்கு மூன்று நிமிடத்தைவிட அதுதான் பெரிது.

சரி, ரேமுக்கு வருவோம். 3200, 3600 என்று பெட்டியில் போட்டு விற்கும் ரேம், மாட்டியவுடன் அந்த வேகத்தில் ஓடாது. பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666இல்தான் எழுந்திருக்கும். பயாஸில் எக்ஸ்எம்பி புரொஃபைலை (ரேமிலேயே எழுதி வரும் வேக அமைப்பு) இயக்கினால்தான் காசு கொடுத்த வேகம் வரும். அப்போது ரேமின் வோல்டேஜும் 1.2இலிருந்து 1.35க்கு ஏறும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் மெமரியைத் தொட்டால் உங்கள் ரேமின் இப்போதைய வேகம் தெரியும். தெரிந்தவர்கள் பலருடைய கம்ப்யூட்டரில் நான் இதைப் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். வேலை ஐந்து நிமிடம்தான், ஆனால் டீ உறுதி. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள். அப்போதுதான் இரட்டைச் சேனல் கிடைக்கும், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், சிஎல் எண்ணையும் (ரேம் பதில் தர எத்தனை கிளாக் சுற்று எடுக்கும் என்பது) பாருங்கள். சிஎல்லை 2000ஆல் பெருக்கி ரேமின் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ செகண்டில் வரும். 3200 சிஎல் 16க்கு 10. 3600 சிஎல் 18க்கும் அதே 10. 3600 சிஎல் 16 என்றால் 8.9. ரைசன் 3000 வரிசையில் ரேமின் கிளாக்கும் உள்ளே கோர்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் கிளாக்கும் 3600 வரை ஒன்றாகவே ஓடும், இரண்டும் 1800. அதைத் தாண்டினால் போர்டு தானாகவே ஜோடியைப் பிரித்துவிடலாம், பிரித்தால் தாமதம் கூடிவிடும். 3600இல் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். 2666இலிருந்து 3600க்கு மாறியதும் சில கேம்களில் பத்து சதவீதம் வரை கூடியது. எடிட்டிங் டைம்லைனில் இழுக்கும்போது சிக்குவதும் குறைந்தது. செலவு? ஒரு பைசா இல்லை.

ஆனால் ரேம் பிழை சத்தமில்லாமல் கெடுக்கும். பிராசசர் தாங்கவில்லை என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் நின்றுவிடும், தெரிந்துவிடும். ரேம் தாங்கவில்லை என்றால் கேமரா கார்டிலிருந்து காப்பியாகும் ஃபைலில் எங்கோ ஒரு பிட் புரளும், மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். ஒருவர் வீட்டுத் தாலி கட்டும் காட்சி அதில் இருந்தால் என்ன பதில் சொல்வது? அதனால் எந்த மாற்றத்துக்குப் பிறகும் ரேம் பிழையைத் தேடும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடுவேன், பேரம் கிடையாது.

இனி மலைக்கே உரிய சங்கதிகள். ரேமை 3733இல் போட்டுப் பார்த்தபோது பகலில் ஒழுங்காக ஓடியது, ஜனவரி அதிகாலையில் திரை வராமல் இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழுந்தது. 3600இல் அந்தத் தொல்லை வந்ததே இல்லை. ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்தால் போர்டில் தண்ணீர் கோக்காதா என்று பலரும் கேட்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அறையைவிடச் சூடாக இருப்பதால் கோக்காது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் கெடுதல்.

இன்னொன்று யாரும் சொல்லாதது. கோடை இடிக்குப் பயந்து இங்கே எல்லாரும் பிளக்கைப் பிடுங்கி வைப்போம். அந்த நேரமெல்லாம் பயாஸ் நினைவு போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியில்தான் ஓடும், அதனால் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் எக்ஸ்எம்பி அமைப்பு போய்விடலாம், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். கடிகாரம் தப்பாகக் காட்டினால் ரேம் வேகத்தையும் பாருங்கள். பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

பிறகு அதே போர்டில் பயாஸை அப்டேட் செய்து ரைசன் 5 5600 மாட்டினேன். இதில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி உண்டு. வோல்டேஜைக் குறைத்தே வேகம் பெறலாம். மைனஸ் 15இல் வைத்திருக்கிறேன், சூடு குறைந்து பூஸ்ட் (தானாக ஏறும் உச்ச வேகம்) கூடுதல் நேரம் நிற்கிறது. பழைய ரைசன் 3600இல் இது கிடையாது. அதில் வோல்டேஜைக் கண்டபடி குறைத்தால் காட்டும் மெகாஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும், வேலை மட்டும் மெதுவாகும். ஆகவே எண்ணைப் பார்க்காமல் சினிபெஞ்ச் மதிப்பெண்ணைப் பாருங்கள்.

வாரண்டி விஷயம். ஓவர்கிளாக்கால் வரும் சேதத்தை ஏஎம்டி வாரண்டி ஏற்காது. எக்ஸ்எம்பி போன்ற ஒரு கிளிக் புரொஃபைலும் ஓவர்கிளாக்தான். 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில கருகியபோது, எக்ஸ்போ (எக்ஸ்எம்பி போன்றே டிடிஆர்5 ரேமுக்கான ஏஎம்டி புரொஃபைல்) போட்டதும் எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசரில் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போவது) அளவுக்கு மேல் ஏறியது தெரிந்து, அதை 1.3இல் நிறுத்தும் பயாஸ் வந்தது. டிடிஆர்5 கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எக்ஸ்போவைத் தொடுவதற்கு முன்னால் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள், அதுவும் யுபிஎஸ்ஸில் இருக்கும்போது. எங்கள் ஊர் கரண்டை நம்பி அந்த வேலையில் இறங்க வேண்டாம்.