வேலூரில் ரீஃப் டேங்குக்கு எல்இடி லைட்: மூன்று கத்திரி தாண்டிய பிறகு

ரீஃப் டேங்குக்கு, அதாவது வீட்டில் பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்கு, லைட் வாங்கப் போனால் நீல வெளிச்சத்தின் அழகையும் பெட்டி மேல் போட்டிருக்கும் வாட்டையும்தான் எல்லோரும் பார்ப்பார்கள். வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மே மாதம், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், மாலை நாலு மணிக்கு அந்த லைட் எப்படி ஓடும்? வெளியே 40 டிகிரி தாண்டும் ஊரில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் ஒரே டேங்கை வைத்து: 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முழுக் கொள்ளளவு 127 லிட்டர். பாறையும் மணலும் போக 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். மேலே தொங்குவது சந்தையில் ‘165 வாட் பிளாக் பாக்ஸ்’ என்று கிடைக்கும் சாதாரண வகை. நீல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு. கீழே வளர்வது சோவாந்திட், மஷ்ரூம், லெதர் ஆகிய மென்பவளங்கள் மட்டும்.

கல் பவளம் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் அவை படும் பாடு போதும். ‘ராமேஸ்வரம் சரக்கு’ என்று யார் நீட்டினாலும் தொடாதீர்கள். மென்பவளத்துக்குத் தேவையான வெளிச்சமும் குறைவு என்பதால் லைட் செலவும் குறையும்.

இனி வாட் கணக்கு. 165 வாட் என்றால் 3 வாட் எல்இடி 55 இருக்கிறது என்று மட்டுமே பொருள். இரண்டு திருகையும் முழுதாகத் திறந்து, பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் பார்த்தால் 110 முதல் 120 வாட்தான் காட்டும். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு எல்இடியும் தன் எல்லைக்குக் கீழே ஓடுவதால்தான் அது வருஷக்கணக்கில் தாங்குகிறது. இந்த டேங்குக்கு நீலம் 45 சதவீதம், வெள்ளை 15 சதவீதமே போதும். மீட்டர் 60 வாட்டுக்குக் கீழே நிற்கும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்று வைத்தால் அரை யூனிட்டு சொச்சம். இரண்டு மாத பில்லில் லைட்டின் பங்கு 30 யூனிட்டு சுற்றி வரும்.

தேவையைவிடப் பெரிய லைட்டை வாங்கிப் பாதி அளவில் ஓட்டுங்கள் என்பதுதான் இந்த ஊருக்கு என் உறுதியான சிபாரிசு. சின்ன லைட்டை வாங்கி 100 சதவீதத்தில் ஓட்டினால் எல்இடியைவிட முதலில் சாவது அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ பாதியாகும். 38 டிகிரி அறையில் முழு வேகத்தில் ஓடும் டிரைவருக்கு மூச்சு விட இடமே இருக்காது. இதே காரணத்தால், மரக் கூண்டு மாதிரி மூடிய ஹூடுக்குள் லைட்டை வைக்கவே கூடாது. திறந்த டேங்க், மேலே வலை, வலைக்கு மேல் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் லைட். சீலிங்கிலிருந்து கம்பியில் தொங்கவிடுவதானால் ஃபேன் காற்று படாத பக்கமாகக் கொக்கி அடியுங்கள். ஊசலாடும் லைட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

பவளத்துக்கான வெளிச்சத்தை அளப்பது பிஏஆர் கணக்கில். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி அது. மஷ்ரூமுக்கு 50 முதல் 80, சோவாந்திட்டுக்கு 80 முதல் 150, லெதருக்கு 100 முதல் 150 வரை போதும். பவளத்துக்குள் வாழும் பாசிகள் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தை நன்றாக உறிஞ்சும். வெள்ளை பெரும்பாலும் நம் கண்ணுக்குத்தான். போனில் இருக்கும் லக்ஸ் ஆப்பை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணை வைத்து எழுதிய அளவு, நீலத்தைக் கணக்கில் குறைத்துவிடும். அப்போஜி எம்க்யூ-510 போன்ற மீட்டர் சரியாகக் காட்டும், விலைதான் அதிகம். நாலு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கினால் போதும். சாதாரண லக்ஸ் மீட்டருக்கும் ஒரு வேலை உண்டு. லைட் புதிதாக இருக்கும்போது, ஒரே திருகு அளவில், ஒரே உயரத்தில் அளந்து எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அளந்தால் வெளிச்சம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மீட்டர் இல்லாதவர்களுக்குப் பவளமே சொல்லும். சோவாந்திட் கழுத்தை நீட்டி மேலே எழும்பினால் வெளிச்சம் போதவில்லை. மஷ்ரூம் ஓரம் சுருண்டு, நிறம் வெளுத்தால் அதிகம். ஆனால் வெளுப்பு எல்லாமே லைட்டின் குற்றம் அல்ல. பவளப் பாசிக்குச் சத்தான நைட்ரேட் பூஜ்யத்தில் நிற்கும் டேங்கில் இதே வெளுப்பு வரும். அங்கே லைட்டைக் குறைப்பதோடு மீனுக்குத் தீனியையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

புது லைட்டோ புதுப் பவளமோ எதுவானாலும் நீலம் 20, வெள்ளை 5 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதம் மட்டுமே ஏற்றலாம். அவசரப்பட்டு ஏற்றியதால் போன பவளங்களே அதிகம், குறைந்த வெளிச்சத்தில் போனவை மிகக் குறைவு.

இப்போது வெப்பம். ‘எல்இடி சூடாகாது’ என்பது பாதி உண்மை. 60 வாட்டில் ஏறக்குறைய பாதி ஒளியாகக் கீழே வரும். அதுவும் பாறையிலும் தண்ணீரிலும் பட்டுச் சூடாகத்தான் முடியும். ஒரு நாளைக்கு அது கால் யூனிட்டு சொச்சம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைக் கொண்டுபோகும். கூட்டிக் கழித்தால் அரை லிட்டர் ஆவியிலேயே லைட்டின் சூடு தீர்ந்துவிடுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைப்பது லைட் அல்ல, அறைதான். நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி இரண்டு 12 வோல்ட் ஃபேன் வைத்தால், கத்திரி வெயிலின் வறண்ட காற்றில் 2, 3 டிகிரி இறங்கும். தினம் 2 லிட்டருக்கு மேல் ஆவியாகும். அதை ஆர்ஓ தண்ணீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். பாலாற்றங்கரை போர் தண்ணீரை ஊற்றினால் வேண்டாத பாசி தானாக வரும். அறை 36 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் மட்டும் போதாது, சில்லரோ ஏசியோ வேண்டும்.

தண்ணீர் 29 டிகிரி தாண்டிவிட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பது. தண்ணீர் குளிரட்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சூட்டில் பவளப் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறும். வாங்கிய ஒளியைச் செலவழிக்க முடியாமல் நச்சு ஆக்சிஜன் உண்டாகும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுப்பு என்பது இதுதான். சூடும் பிரகாசமும் சேர்ந்தால்தான் ஆபத்து பெரிது. மே மாதம் நேரத்தையும் மாற்றுங்கள்: மதியம் 12 முதல் இரவு 9 வரை என்பதைக் காலை 6 முதல் மதியம் 2 வரை ஆக்கி, இரவில் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு மணி நேரம் 5 சதவீத நீலம் மட்டும் விடலாம். கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும் வீடுகளில் இந்த ஒரு மாற்றம் நன்றாகவே தெரியும்.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் லைட்டை அதில் சேர்க்க வேண்டாம். பவளம் இரண்டு நாள் இருட்டைத் தாங்கும். அசையாத தண்ணீரை அவ்வளவு நேரம் தாங்காது. பேட்டரி, தண்ணீரை அசைக்கும் மோட்டாரான வேவ்மேக்கருக்குத்தான். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் இன்னொரு சிக்கல் வரும். பேட்டரி இல்லாத டைமர் நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்கும், லைட் நள்ளிரவு வரை எரியும். சில மலிவான கன்ட்ரோலர்கள் கரண்ட் வந்ததும் பழைய அமைப்பை மறந்து 100 சதவீதத்துக்குத் தாவும். வாங்கிய அன்றே பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து மாட்டிச் சோதித்துவிடுங்கள். டேங்க் இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம். கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

மூன்று ஆண்டில் உண்மையில் கெடுவது என்ன? முதலில் லைட்டின் ஃபேன். உப்புச் சாரலில் பேரிங் துருப்பிடித்து, ஒன்றரை, இரண்டு வருடத்தில் வண்டு ரீங்காரம்போல ஒரு சத்தம் எழும். அது நிற்பதற்குள் மாற்றிவிட வேண்டும். ஃபேன் நின்ற லைட்டை நிறுத்துவதே நல்லது. சில நூறு ரூபாய்ச் சாமான், ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருங்கள். அடுத்தது எல்இடி வரிசை. தொடராக இணைத்திருப்பதால் ஒன்று போனால் வரிசையே அணைந்துவிடும். சாலிடரிங் தெரிந்த கடைக்காரர் மாற்றித் தருவார்.

லென்ஸ் மேல் படியும் உப்பு மெதுவாக வெளிச்சத்தைத் தின்னும். லைட்டை அணைத்து ஆறவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் வாரம் ஒருமுறை துடைக்கவும். கெட்டித்துப் போன வெள்ளைக்கு வினிகர். ஸ்பிரிட் மட்டும் வேண்டவே வேண்டாம்: அக்ரிலிக் லென்ஸில் மயிரிழை விரிசல்கள் ஓடி, கண்ணாடிபோல இருந்தது பனி மூடிய மாதிரி ஆகிவிடும். அப்படியான லென்ஸைத் தேய்த்து மீட்க முடியாது, புதிது போட வேண்டியதுதான். சுத்தம் செய்த அன்று வெளிச்சம் சட்டென்று கூடும். பல வாரம் துடைக்காமல் விட்டிருந்தால் துடைத்த கையோடு திருகையும் ஐந்து சதவீதம் இறக்கிவிட்டு, அடுத்த வாரம் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.